வாசகர் கேள்வி–பதில்: காவிரிக்கரை வரலாறும் ஆய்வுக் கட்டுரையும்

இந்த இதழில், வரலாற்று ஆய்வுக் கட்டுரை எழுதுவது பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் பதில்.

கேள்வி: முதுகலை வரலாறு படிக்கிறேன். 10 வாரத்தில் 5,000 சொல்லில் ஒரு கட்டுரை தர வேண்டும். ‘சோழர் காலப் பாசனம்’ என்று தலைப்பு கொடுத்தேன். “இது தலைப்பு இல்லைம்மா, நூலக அலமாரியில் ஒட்டுகிற சீட்டு” என்று நெறியாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார். எப்படிச் சுருக்குவது? மற்றவர்கள் எழுதியதைப் படித்து எழுதினால் அது ஆய்வாகுமா?
– மாணவி, திருவாரூர்

பதில்: நெறியாளர் சொன்னது சரி. ஒன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1279 வரை நானூற்றுச் சொச்சம் ஆண்டுகள், கொள்ளிடத்திலிருந்து கோடியக்கரை வரை ஊர்கள், ஆயிரக்கணக்கில் கல்வெட்டுகள். இத்தனையையும் 5,000 சொல்லுக்குள் அடைத்தால் பாடநூலின் ஒரு அத்தியாயத்தைத் திருப்பி எழுதியதாகத்தான் முடியும்.

இடத்தை முதலில் வெட்டுங்கள். ‘தஞ்சை மாவட்டம்’ என்பது வெள்ளைக்காரர் போட்ட எல்லை. சோழர் கல்வெட்டு பேசுவது கூற்றம், நாடு, வளநாடு என்ற அக்கால நிலப் பிரிவுகளை. எந்த ஊர் எந்த நாட்டில் இருந்தது என்பதை எ. சுப்பராயலு 1973இல் வெளியிட்ட சோழநாட்டு அரசியல் நிலவியல் பற்றிய ஆங்கில நூல் வரைபடங்களோடு காட்டுகிறது. அதில் ஒரு நாட்டை, முடிந்தால் ஒரே ஊரை எடுங்கள். அச்சான கல்வெட்டுகள் பதினைந்துக்குக் குறையாமலும் முப்பதுக்கு மேற்படாமலும் உள்ள ஊர் உங்கள் 10 வாரத்துக்குத் தோதானது. ஐந்தே கல்வெட்டு உள்ள ஊரில் எதையும் ஒப்பிட முடியாது. நூறு உள்ள ஊரில் வாசித்தே பருவம் முடிந்துவிடும்.

இவ்வளவு வெட்டினாலும் அது இன்னும் தலைப்புதான், கேள்வி அல்ல. ஒரு உதாரணம். பிரமதேய ஊர்க் (பிராமணருக்குக் கொடையாகத் தந்த ஊர்) கல்வெட்டுகளில் நிலத்தை அடையாளம் சொல்லும்போது, இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இரண்டாங் கண்ணாற்று மூன்றாஞ் சதிரத்து என்று வரும். வதி என்ற வழி தெற்கு வடக்காகவும் வாய்க்கால் கிழக்கு மேற்காகவும் ஓடும். கண்ணாறும் சதிரமும் அவற்றிடையே வரும் நிலப் பகுப்புகள். ஊர் நிலம் முழுக்கக் கட்டம் போட்டது போல் இருக்கும். இந்த வதிகளும் வாய்க்கால்களும் பல ஊர்களில் அரசர், அரசியரின் பெயரையோ பட்டப்பெயரையோ தாங்கியிருக்கின்றன. இப்போது கேட்கலாம்: உங்கள் ஊரில் அரசுப் பெயர் கொண்டவை எத்தனை, உள்ளூர்ப் பெயர் கொண்டவை எத்தனை? எந்த அரசர் காலத்தில் விகிதம் மாறுகிறது? பாசனத்தை அரசு நடத்தியதா, சபை (பிரமதேய ஊரின் பிராமணர் அவை) நடத்தியதா என்ற பழைய வழக்கில் இந்தக் கணக்கு எதையாவது சொல்கிறதா? இதற்கு ‘ஆம்’, ‘இல்லை’, ‘ஓரளவு’ என்று மூன்று விதமாகவும் பதில் வர வாய்ப்பு இருக்கிறது. ஒரே பதில்தான் வரும் என்று தொடங்கும்போதே தெரிந்தால் அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள்.

இதில் ஒரு பள்ளமும் உண்டு. வாய்க்காலுக்கு அரசன் பெயர் இருப்பதால் அரசன் வெட்டினான் என்று ஆகிவிடாது. பேருந்து நிலையத்துக்குத் தலைவர் பெயர் வைத்தால் அவர் கட்டினார் என்றா சொல்கிறோம்? அதனால் பெயர்க் கணக்கோடு, குலை (கரை) கட்டுவது யார், கல்லி எடுப்பது (தூர் வாருவது) யார், வெட்டி, அமஞ்சி என்ற உழைப்புக் கடமைகள் யாருக்குச் சேர்ந்தன என்பதையும் அதே கல்வெட்டுகளில் தேட வேண்டும். அந்தக் குறிப்புகள் குறைவாகவே கிடைக்கும். ஆனால் கட்டுரையின் முதுகெலும்பு அவைதான்.

அச்சான நூல்களை மட்டும் வைத்து எழுதுவது ஆய்வுதான். அச்சில் வந்த கல்வெட்டுப் பாடம் முதல்நிலைச் சான்று. அதன் மேல் மற்றவர் எழுதியது இரண்டாம் நிலை. இரண்டையும் ஒரே அடுக்கில் வைப்பதில்தான் குளறுபடி.

கால அட்டவணை: முதல் 2 வாரம் முன் ஆய்வுகள், மூன்றாம் வாரம் கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதி நெறியாளரிடம் காட்டல், 4 முதல் 6 வரை கல்வெட்டு வாசிப்பு, ஏழில் வாதத்தின் எலும்புக்கூடு, எட்டும் ஒன்பதும் எழுத்து, பத்தில் அடிக்குறிப்புச் சரிபார்ப்பு. மூன்றாம் வாரத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அந்த ஒரு வாக்கியம் கையில் இல்லாமல் கல்வெட்டுக்குள் இறங்கினால் எல்லாமே முக்கியமாகத் தெரியும். எட்டு வாரம் குறிப்பெடுத்துவிட்டுக் கடைசி இரண்டு வாரத்தில் அள்ளிக் கொட்ட வேண்டிவரும். சொற்களைப் பங்கிடும்போது முன்னுரைக்கு 500, முன் ஆய்வுக்கு 1,000, சான்றும் வாதமும் 3,000, மீதி முடிவுரைக்கு. முன் ஆய்வு 2,000 சொல்லைத் தாண்டினால் உங்கள் கட்டுரை மற்றவர்களைப் பற்றியதாகிவிடும்.

கேள்வி: முன் ஆய்வுகள் என்ற பகுதியை, ‘இவர் இவ்வாறு கூறுகிறார், அவர் அவ்வாறு கூறுகிறார்’ என்று எழுதியிருந்தேன். மதிப்பீட்டாளர் ‘பட்டியல்’ என்று ஒரே சொல் எழுதி அனுப்பிவிட்டார். வேறு எப்படி எழுதுவது?
– முனைவர் பட்ட ஆய்வாளர், தஞ்சாவூர்

பதில்: ஆட்களை வரிசையில் நிறுத்தாமல் சச்சரவை நடுவில் வையுங்கள். சோழ அரசைப் பற்றியது என்றால் சச்சரவு தெளிவானது. நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறு (ஆங்கிலத்தில் 1935, 1937) வலுவான மைய ஆட்சியும் உயிரோட்டமான ஊர்த் தன்னாட்சியும் ஒருங்கே இருந்ததாகக் காட்டியது. பர்ட்டன் ஸ்டைன் 1980இல் இதை மறுத்தார்: மையப் பகுதிக்கு வெளியே மன்னன் சடங்குமுறைத் தலைவன் மட்டுமே, நடைமுறை அதிகாரம் நாட்டார் (அந்தந்த நாட்டின் வேளாண் தலைவர்கள்) கையில் என்றார். நொபொரு கராஷிமா, சுப்பராயலு போன்றோர் கல்வெட்டில் வரும் அதிகாரிப் பட்டங்களையும் வரிச்சொற்களையும் காலவாரியாக எண்ணிப் பார்த்தார்கள். புரவுவரித் திணைக்களம் (நிலவரித் துறை) போன்ற அமைப்புகளைச் சுட்டி, அரசின் கை ஸ்டைன் சொன்னதைவிட நீளம் என்று காட்டினார்கள்.

இங்கே டெல்டாக்காரர்கள் அடிக்கடி சறுக்குகிறார்கள். ‘எங்கள் ஊர்க் கல்வெட்டில் அரசு அதிகாரி வருகிறார், ஆகவே ஸ்டைன் தவறு’ என்று முடிக்கிறார்கள். ஸ்டைன் கணக்கிலேயே காவிரிப் படுகைதான் மன்னனின் நேரடி மையம். அங்கே அதிகாரி இருப்பது அவர் வாதத்தை அசைக்காது. அசைக்க வேண்டுமானால் மையத்துக்கு வெளியே உள்ள ஒரு நாட்டோடு ஒப்பிட வேண்டும். இல்லையென்றால் கேள்வியை மாற்றுங்கள்: மையத்துக்குள்ளேயே பிரமதேயத்துக்கும் மற்ற ஊருக்கும் வேறுபாடு உண்டா?

கராஷிமா இதைத்தான் அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களை வைத்துச் செய்தார். பிரமதேயமான ஈசானமங்கலத்தில் தனியார் நிலவுடைமையும், அல்லூரில் ஊராரின் பொது உடைமையும் கண்டார். மிகக் கவனமான வேலை. ஆனாலும் அது திருச்சி வட்டாரத்து இரண்டே ஊர். மன்னார்குடிப் பக்கம் அது பொருந்துமா என்பது இன்னொருவர் கட்டுரைக்கு நல்ல கேள்வி.

குறிப்பட்டை எழுதும்போது ஒரு எச்சரிக்கை: ஸ்டைன் தம் கருத்துக்கு மாதிரியாகக் கொண்டது கிழக்கு ஆப்பிரிக்காவின் ஆலூர் மக்களைப் பற்றி எய்டன் சவுத்தால் எழுதிய ஆய்வு. கராஷிமாவுடையது காவிரிக்கரை அல்லூர். ஆங்கில எழுத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று போலிருக்கும். கலந்துவிட்டால் சிரிப்பார்கள்.

ஒவ்வொரு நூலுக்கும் கட்டுரைக்கும் அட்டையில் நான்கே வரி போதும்: அவர் சொல்வது என்ன, எந்தச் சான்றை வைத்து, எந்த இடமும் காலமும், எதைப் பேசாமல் விட்டார். நான்காவது வரி காலியாக இருந்தால் நீங்கள் இன்னும் படித்து முடிக்கவில்லை. புதிய நூலில் தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். முன்னுரை, முடிவுரை, அடிக்குறிப்பு, பிறகு உள்ளே. மூன்று நூல்களின் அடிக்குறிப்பிலும் திரும்பத் திரும்ப வருகிற கட்டுரை எதுவோ அதை முழுதாகப் படியுங்கள்.

பதிப்பு ஆண்டும் முக்கியம். சாஸ்திரியின் நூல் 1955இல் திருத்திய பதிப்பாக வந்தது. பக்க எண் மாறும், சில இடத்தில் கருத்தும் மாறும். நீங்கள் கையில் வைத்திருந்த பதிப்பையே குறியுங்கள். இன்னொருவர் அடிக்குறிப்பிலிருந்து பக்க எண்ணைத் தூக்கிப் போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். எங்கள் ஊர்க் கோயில் வரலாற்றை எழுத உட்கார்ந்தேன். ஒரு நூலில் ‘இன்ன ஆண்டு, இன்ன எண் கல்வெட்டு’ என்று இருக்கிறது. கல்வெட்டுத் துறை ஆண்டறிக்கையை எடுத்துப் பார்த்தால் அந்த ஆண்டில் எங்கள் ஊரே இல்லை. மன்னர் பெயரும் ‘கோப்பரகேசரி’ என்று மட்டும் இருக்கிறது. என்ன செய்வது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: முதல் சிக்கல் எளிது. கல்வெட்டு படியெடுத்த ஆண்டும் அறிக்கை வெளிவந்த ஆண்டும் வேறு. 1906இல் படியெடுத்தது 1906–07 அறிக்கையில் வரும். ஒரு ஆண்டு முன்பின் தேடுங்கள். அப்படியும் கிடைக்காவிட்டால் ஊரைப் பழைய வட்டத்தின் கீழ் பாருங்கள். பழைய அறிக்கைகளில் எல்லாமே தஞ்சாவூர் மாவட்டம்தான். மயிலாடுதுறை மாயவரமாகவும், சீர்காழி ஷியாலியாகவும் இருக்கும். நாகப்பட்டினம் 1991இல் பிரிந்தது, திருவாரூர் 1997இல், மயிலாடுதுறை 2020இல். இன்றைய மாவட்டப் பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காது.

இன்னொன்று: ஆண்டறிக்கையில் இருப்பது இரண்டு மூன்று வரி ஆங்கிலச் சுருக்கம், பாடம் அல்ல. கொடுத்தவர், கொடை, ஆண்டு மட்டும் இருக்கும். நில எல்லை, வாய்க்கால் பெயர், சாட்சிகள், அளவுகோல் எல்லாம் போயிருக்கும். ஊர் வரலாற்றுக்கு வேண்டியதே அவைதாம். பாடம், தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் அச்சாகியிருக்கிறதா, எபிகிராபியா இண்டிகா என்ற கல்வெட்டு இதழில் இருக்கிறதா, தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியீட்டிலோ ‘ஆவணம்’ இதழிலோ வந்திருக்கிறதா என்று பாருங்கள். எதிலும் இல்லையென்றால் இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவிடம் மைப்படியை (கல்லில் மை ஒற்றி எடுத்த படி) கேட்டு எழுதுவதுதான் வழி.

கோப்பரகேசரி என்பது பெயரல்ல. சோழ மன்னர்கள் இராசகேசரி, பரகேசரி என்று மாறி மாறிப் பட்டம் சூடினார்கள்: முதலாம் ஆதித்தன் இராசகேசரி, முதலாம் பராந்தகன் பரகேசரி, உத்தம சோழன் பரகேசரி, முதலாம் இராசராசன் இராசகேசரி, இராசேந்திரன் மறுபடி பரகேசரி. ‘மதிரை கொண்ட’ என்று இருந்தால் பராந்தகன். மெய்க்கீர்த்தி (கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் மன்னன் புகழுரை) ‘திருமகள் போல’ என்று தொடங்கினால் இராசராசன், ‘திரு மன்னி வளர’ என்றால் இராசேந்திரன். இவை எதுவும் இல்லாத வெறும் பரகேசரி என்றால் எழுத்தமைதி (எழுத்தின் வடிவம்), கல்வெட்டில் வரும் அதிகாரி பெயர், ஆட்சியாண்டு எவ்வளவு உயர்ந்தது ஆகியவற்றைப் பார்த்து ஊகிக்க வேண்டும். அப்போது ‘உத்தம சோழனாகலாம்’ என்று எழுதுங்கள். ‘உத்தம சோழன்’ என்று எழுதாதீர்கள்.

ஆட்சியாண்டைக் கிறித்தவ ஆண்டாக்கும்போது ஒன்றைக் கழிக்க மறக்கிறார்கள். இராசராசன் பட்டத்துக்கு வந்தது 985இன் நடுவில். அவனுடைய 10ஆம் ஆண்டு 994–95, 995–96 அல்ல. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் செப்புக்குடம் 25ஆம் ஆண்டு 275ஆம் நாள் கொடுக்கப்பட்டது. 1009 நடுவில் தொடங்கும் ஆண்டில் 275 நாள் தள்ளினால் 1010 வரும்.

அளவுகளில் அவசரப்பட்டு ஏக்கருக்கு மாற்ற வேண்டாம். 20 மா ஒரு வேலி என்பது நிலையானது. ஆனால் குழியின் அளவு கோலைப் பொறுத்தது, 12 சாண் கோலும் உண்டு, 16 சாண் கோலும் உண்டு. இன்றைய வழக்கில் ஒரு வேலி சுமார் 6.6 ஏக்கர் என்பதை அப்படியே பத்தாம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோக முடியாது. கல்வெட்டில் முந்திரிகை (320இல் ஒன்று) என்ற பின்னத்துக்குப் பின் வரும் ‘கீழ்’ திசையல்ல, அதையும் மறுபடி 320இல் ஒரு பங்காக்கும் சிற்றிலக்கம். அதைக் கிழக்கு என்று படித்துவிட்டால் இல்லாத நிலத்துக்கு எல்லை போடுவீர்கள்.

கல் இருக்கும் இடத்தையும் நம்பிவிட வேண்டாம். கோயிலைப் பிரித்துக் கட்டும்போது பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் மறுபடி வெட்டிய வழக்கம் உண்டு. கொள்ளிடக்கரைத் திருமழபாடியில் இராசராசனின் ஆணைப்படி விமானத்தைப் பிரித்துக் கட்டியபோது இதைச் செய்தார்கள். மறுபடி வெட்டியது அவன் மகன் காலத்தில். எழுத்து இராசேந்திரன் காலத்தது, செய்தி அதற்கும் முந்தியது. இரண்டு தேதியையும் தனித்தனியே குறிக்க வேண்டும்.

கேள்வி: பொன்னியின் செல்வனைக் கட்டுரையில் மேற்கோள் காட்டலாமா?
– கல்லூரி மாணவர், காட்டுமன்னார்கோயில்

பதில்: பத்தாம் நூற்றாண்டுக்குச் சான்றாகக் காட்ட முடியாது. 1950களின் தமிழர் சோழரை எப்படிக் கற்பனை செய்தார்கள் என்பதற்குத் தாராளமாகக் காட்டலாம்.

உங்களுக்கு நாவலைவிட நல்ல சரக்கு வீட்டு வாசலிலேயே இருக்கிறது. இராசராசனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் பற்றிய உடையார்குடிக் கல்வெட்டு உங்கள் ஊர்க் கோயிலில் உள்ளது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகிய பெயர்கள் அதில் வருகின்றன. அது இராசகேசரியின் 2ஆம் ஆண்டைச் சேர்ந்தது. துரோகிகளுக்கும் உறவினருக்கும் உரிய நிலத்தை என்ன செய்தார்கள் என்பதே அதன் பொருள். கொலை எப்படி நடந்தது, யார் தூண்டினார் என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. நடவடிக்கை இராசராசன் காலத்தில்தான் வந்தது என்பதை வைத்து உத்தம சோழன் மேல் ஐயப்பட்டது நீலகண்ட சாஸ்திரியின் ஊகம். பின்னால் வந்தவர்கள் பலர் அதை மறுத்திருக்கிறார்கள். கல் சொன்னதை இடப்பக்கம், ஆய்வாளர் ஊகித்ததை வலப்பக்கம் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கட்டுரை பாதி முடிந்தது.

கேள்வி: 1836இல் கொள்ளிடத்தில் மேலணை கட்டிய பிறகு தஞ்சை மாவட்டத்தில் விளைச்சல் கூடியது என்று மூன்று நூல்களில் ஒரே எண்ணிக்கை இருக்கிறது. அதை உறுதியான சான்றாக எடுத்துக்கொள்ளலாமா?
– ஆய்வு மாணவர், நாகப்பட்டினம்

பதில்: மூன்று பேரும் எங்கிருந்து எடுத்தார்கள் என்று முதலில் பாருங்கள். ஒரே வாய்க்காலில் மூன்று மடை வைத்தால் மூன்று ஆறு ஆகிவிடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தஞ்சைக்கு எல்லோரும் போய் நிற்பது வெங்கசாமி ராவின் மாவட்டக் கையேடு (1883), ஹெமிங்வேயின் கெசட்டியர் (1906) ஆகிய இரண்டிலும்தான். இவை அரசு ஊழியர்கள் அரசு அறிக்கைகளைத் தொகுத்தவை. எண்ணை அங்கிருந்து இன்னும் பின்னால், வருவாய் வாரிய நடவடிக்கைக் குறிப்பு வரை துரத்த வேண்டும். அது சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கும். நெறியாளர் கடிதத்தோடு போங்கள். துறை, தேதி, எண் மூன்றும் குறித்துக்கொண்டு போனால் அலைச்சல் குறையும். ‘பாசனம் பற்றி எல்லாம்’ என்று கேட்டால் ஒன்றும் வராது.

எண் வந்த பிறகு, அது விளைச்சலா, சாகுபடிப் பரப்பா, வசூலான வரியா என்று பிரியுங்கள். தஞ்சையில் நெல் விலையோடு வரியும் ஏறி இறங்கிய ‘ஒழுங்கு’ முறை இருந்தது. வரி கூடியதற்கு அணை காரணமா, விலை காரணமா என்று பிரிக்காமல், அணை கட்டிய பொறியாளர் ஆர்தர் காட்டன் பெயரில் எழுதிவிடக் கூடாது. அரசுத் தரப்பு எழுத்தாளர்களுக்கு அணையின் லாபத்தைக் காட்ட வேண்டிய தேவையும் இருந்தது. அதற்காக எண் பொய் என்று ஆகாது. எதற்காக எண்ணினார்கள் என்று ஒரு வரி எழுத வேண்டும்.

பசலி (வருவாய்க் கணக்கு) ஆண்டு வந்தால் 590ஐக் கூட்டுங்கள்: பசலி 1270 என்றால் 1860–61. ஒப்பீட்டை இருபதாம் நூற்றாண்டு வரை நீட்டுவதானால் 1934இல் நின்றுவிடுங்கள். மேட்டூர் வந்த பின் தண்ணீர்க் கணக்கே வேறு.

அணைக்கு முந்திய நிலைக்கு மராட்டிய அரசின் மோடி ஆவணங்கள் (மோடி என்பது மராத்தியின் பழைய எழுத்துமுறை) உண்டு. தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கம் வெளியிட்டிருக்கிறது. அச்சில் வந்தவை தேர்ந்தெடுத்தவை. ஒரு செய்தி அவற்றில் இல்லாததை வைத்து ‘நடக்கவில்லை’ என்று வாதிட வேண்டாம்.

கேள்வி: நூலகம் போக நேரமில்லை. இணையத்திலேயே முடித்துவிடலாமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: பெரும்பகுதி முடியும். தென்னிந்தியக் கல்வெட்டுகளின் பல தொகுதிகள் ஆர்க்கைவ் தளத்தில் உள்ளன; பழைய தமிழ் நூல்கள் தமிழ் இணைய மின்னூலகத்தில்; முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்கா என்ற தளத்தில். ஆய்வேட்டைக் கருத்துக்காக அல்லாமல், அதன் நூற்பட்டியலுக்காகத் திறந்து பாருங்கள். உங்கள் தலைப்பிலேயே யாராவது எழுதிவிட்டார்களா என்பதும் அங்கேதான் தெரியும்.

ஆனால் தேடுபெட்டியை நம்பி ‘இந்தச் சொல் கல்வெட்டில் இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள். ஸ்கேன் செய்த பக்கத்தை எந்திரம் தப்பாகப் படித்திருக்கும்; கிரந்த எழுத்து கலந்த இடங்களில் இன்னும் மோசம். கல்வெட்டுக்காரர்களும் இன்றைய எழுத்துக்கூட்டலில் எழுதவில்லை, புணர்ச்சியில் சொல்லும் உருமாறும். ‘வாய்க்கால்’ என்று தேடினால் ‘வாக்கால்’ என்று எழுதியவை தப்பிவிடும். ஒரே ஊரின் இருபது கல்வெட்டு என்றால் பக்கம் பக்கமாகக் கண்ணால் படித்துவிடுவதே சுருக்கு வழி.